வீழ்ந்த நாட்டுக்கு வாழ்த்து: பாரதியின் பெல்ஜியம் பாட்டும் பேரரசுக் கூட்டணிகளும்

தில்லியில் யமுனைக்குக் கிழக்கே, தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வாழும் பகுதிகளுள் ஒன்று மயூர் விஹார். அங்கிருந்து நிஜாமுதீன் பாலத்தைக் கடந்து புது தில்லிக்குள் வருவோர் சிறிது நேரத்தில் இந்தியா கேட்டை அடைவர். 1931 பிப்ரவரியில் திறந்துவைக்கப்பட்ட அப்போர் நினைவு வளைவில், முதல் உலகப்போரில் இந்தியப் படையினர் மடிந்த களங்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பிரான்சை அடுத்து அங்கு வரும் பெயர் பிளாண்டர்ஸ். அது பெல்ஜிய மண். அவ்வளைவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் சுப்பிரமணிய பாரதி மார்க் அமைந்துள்ளது. பெல்ஜியத்திற்காகப் பேரரசு பலி கொடுத்தவர்களின் நினைவும், அதே பெல்ஜியத்தை வாழ்த்திப் பாடிய, பேரரசால் தேடப்பட்ட கவிஞனின் பெயரும் ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன. இந்த அண்மை தற்செயலானது. ஆயினும் அது எழுப்பும் வினா தற்செயலானதன்று. பிரிட்டன் போரில் இறங்கியதற்கு உலகறியச் சொன்ன காரணம் பெல்ஜியம். பிரிட்டனை எதிர்த்தமையால் நாடிழந்து வாழ்ந்த பாரதி, அந்தப் பெல்ஜியத்தையே பாடுபொருளாகக் கொண்டது ஏன்? அப்பாட்டு எந்த அணியின் பாட்டு?

பாரதியின் உலகப்பார்வை குறித்த ஆய்வுகளில் ‘புதிய ருஷியா’ பெற்ற இடம் பெரிது. பொதுவுடைமை சார்ந்த திறனாய்வு அதனை ஒரு தலைமுறைக் காலம் மையத்தில் வைத்துப் பேசியது, அது இயல்பே. அதற்கு முந்திய பெல்ஜியம் வாழ்த்து அத்தகைய கவனத்தைப் பெறவில்லை. அது பிரிட்டிஷ் அணிக்குச் சார்பான பாட்டோ என்னும் தயக்கமும் இதற்கு ஒரு காரணமாகலாம். அத்தயக்கத்தை நேர்நின்று தீர்ப்பதே முறை.

கூட்டணிகளின் மறுபக்கம்

முதல் உலகப்போரின் காரணங்களைக் கூறும் நூல்கள் வழக்கமாக ஐரோப்பிய நிலப்படத்தை முன்வைத்துத் தொடங்கும். 1882இல் ஜெர்மனி, ஆஸ்திரிய-ஹங்கேரி, இத்தாலி ஆகியவற்றின் முக்கூட்டு. 1890களின் முற்பகுதியில் பிரான்சும் ருஷியாவும் செய்துகொண்ட உடன்படிக்கை. 1904இல் பிரிட்டனும் பிரான்சும், 1907இல் பிரிட்டனும் ருஷியாவும் கண்ட இணக்கம். 1914 ஜூன் 28இல் சராயேவோ நகரில் ஒலித்த துப்பாக்கி. இவ்வரிசை பிழையன்று. ஆனால் ஆசியாவிலிருந்து நோக்குவார்க்கு இவ்வுடன்படிக்கைகளின் உள்ளடக்கம் வேறாகத் தெரியும். 1904 ஏப்ரல் 8ஆம் நாள் ஏற்பட்ட ஆங்கில-பிரெஞ்சு உடன்பாட்டின் நடுப்பொருள் எகிப்தும் மொராக்கோவும் ஆகும். எகிப்தில் பிரிட்டனுக்குப் பிரான்சு வழிவிட, மொராக்கோவில் பிரான்சுக்குப் பிரிட்டன் வழிவிட்டது. 1907 உடன்பாடு பாரசீகத்தைச் செல்வாக்கு மண்டலங்களாகக் கூறுபோட்டது. ஆப்கானிஸ்தானும் திபெத்தும் அதன் பிற பொருள்கள். மூன்றுமே இந்தியப் பேரரசின் வேலிகள். ருஷியாவை ஜப்பான் வென்றதைக் கண்டு இந்தியச் சுதேசிகள் களித்த 1905ஆம் ஆண்டிலேயே, பிரிட்டனும் ஜப்பானும் தம் கூட்டணியைப் புதுப்பித்து அதன் எல்லையை இந்தியா வரை நீட்டின.

ஐரோப்பாவில் ஒருவரை எதிர்த்து மற்றவர் போரிடுவதற்கான ஒப்பந்தம், ஆசியாவில் ஒருவர் காலனியை மற்றவர் காவல் செய்வதற்கான ஒப்பந்தமாகவும் இருந்தது. 1915 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரில் ஐந்தாம் இலகு காலாட்படையின் இந்தியச் சிப்பாய்கள் கலகம் செய்தபோது, அதனை ஒடுக்கப் பிரெஞ்சு, ருஷிய, ஜப்பானியக் கடற்படையினர் கரையிறங்கி உதவினர். ஏகாதிபத்தியத்தையும் கூட்டணிகளையும் இரு வேறு காரணங்களாகப் பிரித்து எழுதும் பாடநூல் மரபு இவ்விடத்தில் தடுமாறுகிறது.

தமிழகத்தில் இது மிக நெருக்கமாக உணரப்பட்ட ஊர் புதுச்சேரி. 1908இல் பாரதி அங்குச் சென்றபோது அவருக்கு அரணாக அமைந்தது ஓர் எல்லைக்கோடு. அக்கோட்டிற்கு அப்பால் பிரிட்டிஷ் போலீசுக்கு அதிகாரம் இல்லை. அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் 1910இல் அவ்வூரை நாடியதும் அதனாலேதான். ஆனால் அந்தக் கோட்டின் இருபுறமும் இருந்த அரசுகள் 1904 முதலே நட்பு நாடுகள். 1911 ஜூன் 17இல் மணியாச்சியில் ஆஷ் கொல்லப்பட்ட பின்னர் பிரிட்டிஷ் ஒற்றர்களின் கண்காணிப்பு இறுகியது. பிரான்சும் பிரிட்டனும் ஒரே களத்தில் நின்ற 1914 ஆகஸ்டுக்குப் பின் நிலை மேலும் நெருக்கடியானது. அகதிகளை அல்ஜீரியாவுக்கு அனுப்பும் யோசனை எழுந்ததாக அரவிந்தர் வரலாறு கூறும் நூல்களில் காணலாம். பாரதியைப் பொறுத்தவரை கூட்டணி என்பது தொலைதூரச் செய்தியன்று. அவர் குடியிருந்த தெருவின் பாதுகாப்பு அதனைப் பொறுத்திருந்தது.

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகள் மீது குண்டு வீசியதும், அச்சொல் தமிழ் வழக்கில் கடுமையான ஆளைக் குறிக்கும் பெயராக நிலைத்ததும் யாவரும் அறிந்தவை. அதே கப்பல் அக்டோபர் 28இல் பினாங்குத் துறைமுகத்திலும் அதன் அருகிலும் மூழ்கடித்தவை ஒரு ருஷியக் கப்பலும் ஒரு பிரெஞ்சுக் கப்பலும் ஆகும். பிரிட்டிஷாரின் மலாயாவில், தமிழர் பெருகி வாழ்ந்த ஒரு துறைமுகத்தில், ஐரோப்பியக் கூட்டணி முழுவதும் ஒரு காலைப்பொழுதில் காட்சிக்கு வந்துவிட்டது.

பாட்டில் இல்லாதவர்

இப்பின்னணியில் ‘பெல்ஜியம் நாட்டிற்கு வாழ்த்து’ என்னும் பாட்டை அணுகவேண்டும். 1914 ஆகஸ்டு 2ஆம் நாள் ஜெர்மனி தன் படை கடந்து செல்ல வழிவிடுமாறு பெல்ஜியத்திற்கு இறுதி எச்சரிக்கை விடுத்தது. மறுநாள் பெல்ஜியம் மறுத்தது. நான்காம் நாள் படை புகுந்தது. இருபதாம் நாள் பிரசெல்ஸ் வீழ்ந்தது. அக்டோபர் 10இல் ஆண்ட்வெர்ப்பும் பணிந்தது. 1839இல் பெல்ஜியத்தின் நடுநிலைக்குப் பிரிட்டனும் பிரஷ்யாவும் உள்ளிட்ட வல்லரசுகள் பொறுப்பேற்றிருந்தமையால், அதனை முன்னிறுத்தி ஆகஸ்டு 4இல் பிரிட்டன் போர் அறிவித்தது.

பாரதியின் பாட்டு இச்செய்திகளில் எதையும் கதையாகச் சொல்வதில்லை. அதன் தொடக்கப் பாடல்கள் ஒவ்வொன்றும், எப்பண்பால் அந்நாடு வீழ்ந்தது எனச் சொல்லி ஆரம்பிக்கின்றன. அறம், வண்மை, மானம், வீரம், துணிவு என வரும் அடுக்கு அது. வழக்கமாக வெற்றிக்குக் காரணமாகக் கூறப்படும் பண்புகள் இங்கே தோல்விக்குக் காரணமாகின்றன. முதற்பாடலிலேயே முறத்தால் புலியைத் தாக்கும் குறப்பெண் உவமையாகிறாள். மேற்கு ஐரோப்பாவின் கோட்டைப் போர் ஒரு குறிஞ்சி நிலக் காட்சியாக மாறிவிடுகிறது.

பாட்டில் பிரிட்டன் இல்லை. ஜெர்மனியின் பெயரும் இல்லை. அதன் அரசன் பெயரின்றிப் ‘பகைவன்’ என்றே வருகிறான். பிரான்சு மட்டும், இரண்டாம் பாடலில் வரும் ஒரு நாட்டுப்பெயரை அதன் பழம்பெயரான கால் என்பதன் தமிழ்வடிவமாகக் கொண்டால், ஒருமுறை தலைகாட்டுகிறது. அடைக்கலம் தந்த நாட்டிற்கு ஒரு சொல் நன்றி என அதனைக் கொள்ளலாம். பெல்ஜியத்தைக் காக்கவே வாளெடுத்ததாக முழங்கிய பேரரசுக்கோ ஒரு சொல்லும் இல்லை. 1914இல் அச்சொல்லை உதிர்ப்பது மிக எளிது என்பதை மறக்கலாகாது. மண்டலேயிலிருந்து மீண்ட திலகர் பேரரசுக்கு ஆதரவு தெரிவித்த ஆண்டு அது. அவ்வாண்டு டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரசு மாநாட்டிற்கு ஆளுநர் பெண்ட்லண்டு வருகை தந்தார். மாநாடு அரசவிசுவாசத் தீர்மானத்தை நிறைவேற்றியது. தமிழகம் திரும்ப விரும்பிய ஓர் அகதிக்கு, பாட்டின் இறுதியில் பிரிட்டிஷ் படைக்கு வெற்றி வேண்டும் ஓரடி எவ்வளவு பயன் தந்திருக்கும்! பாரதி அதைச் செய்யவில்லை.

ஏழாம் பாடல் இங்கு நுட்பமாக நோக்கத்தக்கது. வந்தவன் யாருக்குப் பகைவனாயினும், யார்மேல் படை கொண்டு செல்பவனாயினும், இசைவு பெறாமல் ஊரெல்லையைத் தாண்டியதே குற்றம் என்னும் கருத்து அதில் அமைகிறது. நடுநிலைமை என்னும் சர்வதேசச் சட்டக் கருத்தை இதனினும் தெளிவாகத் தமிழ்ப்பாட்டில் சொல்லியவர் அரியர். அதைவிட முக்கியமானது மற்றொன்று. ஜெர்மனி யார்மேல் சென்றது? பிரான்சின்மேல். யாருக்குப் பகை? பிரிட்டனுக்கும் ருஷியாவுக்கும். உலகையே இரண்டாகப் பிளந்த கூட்டணிகள் பாரதியின் தொடரில் ‘யாரோ’ ஆகிவிடுகின்றன. எல்லை தாண்டியவன், எல்லை காத்தவள் என்னும் இருவரே பாட்டில் மிஞ்சுகின்றனர். அடிமைப்பட்ட நாட்டின் வாசகன் ஒருவன் இதைப் படிக்கும்போது, இசைவின்றி எல்லை தாண்டி வந்து அமர்ந்த மற்றோர் அரசை நினையாதிருத்தல் இயலாது. தணிக்கையாளனுக்குக் குற்றம் காண வழியில்லாத பாட்டு. வாசகனுக்கோ வழி திறந்தே கிடக்கும் பாட்டு.

பறம்பும் வெண்ணியும்

தோற்ற நாட்டுக்கு ‘வாழ்த்து’ என்று பெயரிடுவது முரணாகத் தோன்றலாம். தமிழ்ப் புறமரபை அறிந்தார்க்கு அது முரணன்று. கூட்டணிப் போர்களைச் சங்கப் புலவர்கள் நன்கறிவர். வெண்ணிப் பறந்தலையில் கரிகாலனை எதிர்த்துச் சேரரும் பாண்டியரும் வேளிர் பதினொருவரும் திரண்டனர். தலையாலங்கானத்தில் இளம் பாண்டியன் நெடுஞ்செழியன்மேல் இரு வேந்தரும் ஐம்பெரு வேளிருமாக எழுவர் கூடினர். இவ்விரு களங்களிலும் கூட்டணி தோற்றது. புலவர் வியந்தது தனியொருவனை. பறம்பில் மட்டுமே கூட்டணி வென்றது. தம்முள் ஓயாது பொருத மூவேந்தரும் ஒரு குறுநில மன்னனை அழிக்க ஒன்றுகூடினர். அப்போதும் கபிலர் வென்றவர் பக்கம் செல்லவில்லை. போரால் பறம்பைக் கொள்ளலரிது, பாடிச் சென்றால் பெறலாம் என மூவேந்தரை எள்ளிய அப்புலவர், பாரி வீழ்ந்த பின்னும் பாரியின் புலவராகவே நின்றார்.

வெண்ணிக்குயத்தியார் இன்னும் ஒருபடி மேலே சென்றவர். வென்ற கரிகாலனை முன்னிலைப்படுத்தியே, புறப்புண் நாணி வடக்கிருந்த சேரனை அவனினும் நல்லவன் என்கிறார் (புறம். 66). வென்றவன் முன்னிலையில் தோற்றவனைப் போற்றும் இத்துணிவே பாரதியின் பெல்ஜியம் பாட்டுக்கு முன்னோடி எனலாம். குயத்தியாரின் பாட்டில் வெற்றியும் மேன்மையும் இருவரிடையே பிரிந்து நிற்கின்றன. பாரதியின் பாட்டிலும் வலிமை ஒருபுறம், மேன்மை மறுபுறம். இதனை நொச்சித் திணையின் நீட்சி என்று வகைப்படுத்துவதுடன் நிறுத்திக்கொள்வது போதாது. மதில் காத்தல் மட்டும் அதன் பொருளன்று. காவல் உடைந்த பின் எஞ்சும் புகழே அதன் பொருள். இறுதிப் பாடலில் வெயிலொளி வரும்வரை இருளில் மூழ்கிக் கிடக்கும் பொன்மாளிகை உவமையாவது இதனாலேயே. அம்மாளிகை பெல்ஜியம் மட்டுந்தானா என்று கேட்க இடம் வைத்தே பாட்டு முடிகிறது.

மண்நசை யாருக்கு உரியது?

மரபின் வலிமை இப்பாட்டிற்குத் துணையானது போலவே, மரபின் எல்லையும் இப்பாட்டைக் கட்டியது. புறப்பாட்டில் போரின் காரணம் எப்போதும் ஓர் அரசனின் உள்ளத்தில் இருக்கும். பாரதியும் போரைப் ‘பகைவர் வேந்தன்’ ஒருவனின் செருக்காகவே காட்டுகிறார். ஒரே ஆளின் செருக்கே உலகப்போரின் வேர் என்னும் விளக்கம், பிரிட்டிஷ் பிரசாரத்தின் விளக்கமுமாகும். கெய்சரைத் தனிப்பெருங் கொடியவனாக வரைந்த சுவரொட்டிகளின் பொருள் இதுவே. 1919 வெர்சேய் உடன்படிக்கையின் 231ஆம் பிரிவு போர்ப்பொறுப்பை ஜெர்மனியின்மீதும் அதன் நட்பு நாடுகளின்மீதும் சுமத்தி இவ்விளக்கத்தைச் சட்டமாக்கியது. பாரதியின் பாட்டு பிரிட்டனைப் பாடவில்லை என்பது உண்மை. ஆனால் போரின் காரணத்தைக் கூறுமிடத்தில் பிரிட்டன் விரும்பிய கதையினின்று அது விலகவும் இல்லை.

தொல்காப்பியம் இவ்விடத்தில் எதிர்பாராத ஒளி தருகிறது. வஞ்சித் திணையின் இலக்கணத்தில் மண்நசை என்னும் சொல் வருகிறது. குறையாத நிலவேட்கை என்று பொருள்படும் அத்தொடரை ஏகாதிபத்தியத்திற்குத் தமிழிலக்கணம் தந்த விளக்கம் என்றே கொள்ளலாம். அந்நசை படையெடுத்துச் செல்பவனுக்கு உரியதா, செல்லப்படுபவனுக்கு உரியதா, இருவர்க்கும் பொதுவா என்பதில் நூற்பாவின் தொடரமைப்பு ஐயத்துக்கு இடந்தருகிறது. பொருள் கூறியோரும் ஒருபடித்தாக இல்லை. செல்லப்படுபவனுக்கு உரியது எனின் வஞ்சி தண்டிக்கும் போர். செல்பவனுக்கு எனின் கவரும் போர். இருவர்க்கும் எனின் அறம் எப்பக்கமும் இல்லை. 1914ஆம் ஆண்டின் போர்ப்பொறுப்பு வினாவும் இம்மூன்று விடைகளுக்குள்ளேதான் இன்றுவரை சுழல்கிறது. ஏகாதிபத்தியம் பற்றி 1916இல் லெனின் எழுதிய நூல் மூன்றாவது விடையைச் சார்ந்தது. பாரதியின் பாட்டு இரண்டாவது விடையைச் சார்ந்தது. அப்பாட்டு மூன்றாவதைத் தொட்டிருந்தால் பெல்ஜியத்தை அதனால் அவ்வளவு தூய்மையாகப் பாடியிருக்க முடியாது.

அத்தூய்மையே இப்பாட்டின் பெருங்குறை. 1885 முதல் 1908 வரை காங்கோ பெல்ஜிய அரசர் இரண்டாம் லியோபோல்டின் சொந்த உடைமையாகவும், 1908 முதல் பெல்ஜிய அரசின் காலனியாகவும் இருந்தது. ரப்பருக்காக அங்கு நிகழ்ந்த கொடுமைகளைப் பிரிட்டிஷ் தூதர் ரோஜர் கேஸ்மெண்ட் 1904இல் அறிக்கையாக வெளியிட்டார்; ஆங்கில உலகில் அது பேரியக்கமாயிற்று. முறமேந்திய குறப்பெண்ணின் மற்றொரு கையில் சாட்டை இருந்ததைப் பாட்டு காணவில்லை. பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் வாடிய இந்தியப் பெண்களைப் பாடியவர் பாரதி. பேரரசு என்பது அரசனின் செருக்கு மட்டுமன்று, அது உழைப்பை உறிஞ்சும் ஏற்பாடு என்பதை அப்பாட்டு எழுதியவர் அறியாதவர் அல்லர். அந்த அறிவு பெல்ஜியம் பாட்டுக்குள் நுழையவில்லை. போர்க்காலச் செய்திகள் புதுச்சேரிக்குப் பெரிதும் நேச நாடுகளின் வழியே வந்தன என்று காரணம் கூறலாம். அது விளக்கமாகும், விலக்காகாது.

எனினும் அக்காலத்தில் திறந்திருந்த மற்றொரு பாதையையும் உடன்வைத்துப் பார்த்தல் வேண்டும். காங்கோவை அம்பலப்படுத்திய அதே கேஸ்மெண்ட், அயர்லாந்தின் விடுதலைக்கு ஜெர்மானிய உதவியை நாடினார். 1916 ஆகஸ்டு 3இல் இலண்டனில் தூக்கிலிடப்பட்டார். திருவனந்தபுரத்தில் பிறந்த செண்பகராமன் பெர்லினிலிருந்து இந்திய விடுதலைக்கு உழைத்தார். அவர் எம்டனில் வந்தார் என்பது தமிழகத்தின் விருப்பக் கதை, நிறுவப்பட்ட வரலாறன்று. எதிரியின் எதிரியை நண்பனாகக் கொள்ளும் அரசியல் அது. அதனை இழிவாகப் பேசுவதற்கில்லை. அடிமை நாட்டவர்க்கு வாய்த்த வழிகள் மிகச் சில. ஆனால் அவ்வழி செல்வோர் பெல்ஜியத்தின் வீழ்ச்சியைக் கண்டும் காணாதிருக்க நேரும். பாரதி காண்பதைத் தேர்ந்தார். காங்கோவைக் காணாதது அவர் பார்வையின் குறை. பெல்ஜியத்தைக் கண்டது அவர் பார்வையின் நிறை. ஒன்றைக் காட்டி மற்றதை மறைப்பது திறனாய்வுக்கு அழகன்று.

ருஷியப் பாட்டுடன் சேர்த்துப் படித்தல்

பெல்ஜியம் வாழ்த்தைத் தனியே படிப்பதால் எழும் ஐயம், அதனை ‘புதிய ருஷியா’வுடன் இணைத்துப் படிக்கும்போது பெரும்பாலும் விலகுகிறது. 1917 மார்ச்சில் ஜார் முடி துறந்தார். பாட்டு கொண்டாடுவது ஜார் சக்கரவர்த்தியின் வீழ்ச்சியை. அது அக்டோபர்ப் புரட்சியின் பாட்டா, அதற்கு முந்தியதா என்னும் விவாதத்தில் திறனாய்வாளர் செலவிட்ட உழைப்பு மிகுதி. அவ்விவாதத்தில் ஓர் எளிய செய்தி மறைந்துபோயிற்று: ஜார் நேச நாட்டு அணியின் பேரரசர். அவரது வீழ்ச்சி பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் பெருங்கவலை. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சியின் நிழலில் வாழ்ந்த ஒருவர், பிரான்சின் கூட்டாளியை இரணியனோடு ஒப்பிட்டு அவன் வீழ்ந்ததைப் பாடினார். பெல்ஜியம் பாட்டில் கொடியவன் எதிரணியினன். ருஷியப் பாட்டில் கொடியவன் தன்னணியினன். இரண்டையும் ஒருவரே பாடினார் எனின் அவர் கையிலிருந்த அளவுகோல் கூட்டணி அன்று என்பது தெளிவாகும்.

இரு பாடல்களிலும் மற்றோர் ஒற்றுமை உண்டு. ஜாரின் வீழ்ச்சிக்கு உடனடிக் காரணம் உலகப்போர். பாட்டிலோ போர் இல்லை. பட்டினி இருக்கிறது, பொய்யர் செல்வம் இருக்கிறது, பராசக்தியின் கடைக்கண் இருக்கிறது. பெல்ஜியம் பாட்டில் போர் இருக்கிறது. அதன் காரணமான கூட்டணிகள் இல்லை. உலக நிகழ்ச்சிகளினின்று பேரரசுகளின் கணக்கைக் கழித்துவிட்டு எஞ்சுவதைப் பாடுவது பாரதியின் முறை. அதனால் அவர் பாட்டு வரலாற்று விளக்கமாக நிறைவு பெறவில்லை. அதனாலேயே அது எந்தப் பேரரசின் பாட்டாகவும் ஆகவில்லை.

போர்நிறுத்தம் 1918 நவம்பர் 11ஆம் நாள் ஏற்பட்டது. ஒன்பது நாள் கழித்து, நவம்பர் 20இல், பாரதி புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். போரில் ஒன்றாய் வென்ற இரு நாடுகளின் எல்லைக்கோட்டைத் தாண்டியதும் கடலூர் அருகே கைது செய்யப்பட்டார். டிசம்பர் 14ஆம் நாள், நிபந்தனைகளுடன், விடுதலையானார்.